ஊர்வீட்டின் மரம் சொல்லும் சாட்சி: பழைய வீடொன்றின் மரபுரிமைப் பெறுமதியைக் கணிக்கும் முறை

கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வடக்கிலோ கிழக்கிலோ ஒரு சிறு நகரத்தில் பூட்டியபடி ஒரு பழைய வீடு இருக்கிறது. அதன் திறப்பு ஊரில் ஓர் உறவினரிடமும், அதன் உறுதி வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அலுமாரிக்குள்ளும், அதன் பங்காளிகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருப்பார்கள். விற்பதா, இடிப்பதா, திருத்துவதா என்று தொடங்கும் பேச்சு ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் ஒவ்வொரு செத்தவீட்டிலும் மீண்டும் எழுந்து, முடிவில்லாமலேயே அடங்கும். அது என்ன வகையான வீடு, அதில் இன்னும் எஞ்சியிருப்பது என்ன என்ற கேள்வியை முதலில் கேட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அந்தக் கேள்விக்கு உரிமையாளரே, பெருஞ்செலவின்றி, ஒழுங்கான விடை காண்பது எப்படி என்பதையே இங்கு எழுதுகிறேன்.

வீட்டின் மரம் என்றவுடன் பலகைச் சுவர்களை நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீடுகளில் சுவர் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகவே இருக்கும். ஆனால் முற்றத்தைச் சுற்றி நாற்புறமும் தாழ்வாரம் இறங்கும் நாற்சார் வீட்டை வீடாக்குவது அதன் மரமே. கூரையைத் தாங்கி நீளவாக்கில் கிடக்கும் வளையும், அதன்மேல் சரிவாக இறங்கும் சலாகையும், சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் தீராந்தியும், விறாந்தைத் தூண்களும், கதவு நிலைகளும் இல்லாவிட்டால் எஞ்சுவது நான்கு கற்சுவர்கள்தான். சிறு நகரத்துத் தச்சரின் அறிவும், அந்த ஊருக்கு மரம் வந்துசேர்ந்த வழியும், குடும்பம் எழுந்ததும் தாழ்ந்ததும் அந்த மரத்தில்தான் பதிந்திருக்கின்றன. எனவே, கணிப்பை மரத்திலிருந்து தொடங்குவதே நியாயம்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மரம் தான் நிற்கும் இடத்தில் நிற்கும்வரைதான் சாட்சி சொல்லும். வடமராட்சியிலுள்ள எங்கள் அம்மம்மாவின் வீட்டில் விறாந்தைத் தூண்கள் இரண்டு, நான் கொழும்பில் வேலையில் இருந்த காலத்தில், ஒரு வியாபாரிக்கு விற்கப்பட்டன. கொடுத்த விலை குறைவென்று சொல்ல முடியாது. அவை இன்று ஏதோ ஒரு விடுதியின் முகப்பில் மினுக்கெண்ணெய் பூசப்பட்டு அழகாகவே நிற்கக்கூடும். ஆனால் அவை எந்த விறாந்தையின் எத்தனையாவது தூண்கள், அவற்றின் அடியிலிருந்த கல் எது, மேலிருந்த வளை எது என்பதை அங்கு எவரும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அந்த இடத்தில் இப்போது சீமெந்துத் தூண் இரண்டு நிற்கின்றன. தூண்களுக்கு விலை கிடைத்தது. அவை சொல்லக்கூடிய சாட்சி எவருக்கும் கிடைக்கவில்லை.

கொழும்பிலேயே செய்யக்கூடியது

முதல் வேலைக்கு ஊருக்குப் போகத் தேவையில்லை. அலுமாரியிலுள்ள உறுதிகள் அனைத்தையும் எடுத்து, ஆண்டு வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஆதனத்தை விவரிக்கும் பகுதியை மட்டும் தனித் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நொத்தாரிசுமார் எல்லைகளையும் பரப்பையும் எழுதியபின், அங்குள்ள வீடு, கிணறு, பயன்தரு மரங்கள் ஆகியவற்றையும் குறிப்பார்கள். ஓர் உறுதியில் வெறுங்காணியாகவும் அடுத்த உறுதியில் கல்வீடுள்ள காணியாகவும் வருமாயின், வீடு அவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் எழுந்தது என்று கொள்ளலாம். உறுதியின் ஆண்டையே வீட்டின் ஆண்டாகக் கொள்வதுதான் நாம் வழமையாக விடும் பிழை. காணி கைமாறிய நாளும் சுவர் எழுந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டிய தேவையில்லை.

யாழ்ப்பாணத்து வீடுகளைப் பொறுத்தவரை இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலும், அதற்கு முன்னும் பின்னுமான நடைமுறையிலும், சீதனம் பெண்வழியாகவே இறங்கியது. வீடு பெரும்பாலும் மகளுக்கே போனதால், தந்தைவழிப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுபவர் இரண்டாவது தலைமுறையிலேயே வழியைத் தவறவிடுவார். தாய், அவருடைய தாய், அவருடைய தாய் என்று ஏறிப்போக வேண்டும். சீதன உறுதி ஒன்று அகப்பட்டால் அதன் ஆண்டைக் கவனமாகப் பாருங்கள். மகளின் கல்யாணத்துக்காக வீடு புதுப்பிக்கப்படுவதும், முன் விறாந்தை நீட்டப்படுவதும், புது நிலை வைக்கப்படுவதும் வழக்கமாதலால், மரத்தில் காணும் மாற்றத்துக்கும் உறுதியிலுள்ள ஆண்டுக்கும் பொருத்தம் தெரிவதுண்டு.

கொழும்பு 7 இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் 1640 முதல் 1796 வரையான ஒல்லாந்த நிர்வாக ஆவணங்களும், பின்வந்த பிரித்தானிய நிர்வாகத்தின் ஆவணங்களும் உள்ளன. தோம்புகள் எனப்படும் ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடுகளின் பெயரைக் கேட்டதும் ஆர்வம் பிறப்பது இயல்பே. ஆயினும் சாதாரண நகரத்து வீடொன்றுக்காக அங்கிருந்து தொடங்குமாறு நான் சொல்லமாட்டேன். காணிப் பதிவகத்தின் பதிவுப் பிரதியே அதைவிட விரைவில் பயன்தரும். நில அளவைத் திணைக்களம் 1956 இல் எடுப்பித்த வான்படங்கள் இன்னொரு வழி. அவை உயரத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால், உங்கள் வளவில் அப்போது கூரை இருந்ததா, வீதி எங்கே போயிற்று என்பவற்றுக்கு மேல் அதிகம் எதிர்பார்க்கக்கூடாது. உள்ளூர்ச் சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் ஆகியவற்றுக்கு நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் தேடலாம். கல்வெட்டு என்று எங்கள் ஊர்களில் அழைக்கப்படும் அந்த அந்தியேட்டி மலர்களில் குடும்ப வரலாறும் வீட்டின் முன் எடுத்த படமும் இருப்பது அரிதன்று.

எல்லாவற்றையும்விடப் பெறுமதியான ஆவணம் உறவினரின் பழைய அல்பத்தில்தான் இருக்கும். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அவருக்குப் பின்னாலுள்ள கதவைப் பாருங்கள். 1995 இடப்பெயர்வுக்கு முன் வெளிநாடு போனவர்களிடமே அத்தகைய படங்கள் அதிகம் தப்பியிருக்கின்றன. கைபேசியில் படத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்வதைவிட, ஸ்கேன் செய்து, பின்புறத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்து அனுப்பச் சொல்வது நல்லது.

ஊருக்குப் போகும் முன் கண்ணைப் பழக்கிக்கொள்ள விரும்புவோர் புறக்கோட்டை பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வரலாம். 1692 முதல் 1697 வரை ஆளுநராக இருந்த தோமஸ் வான் ரீயின் வாசத்தலமாக விளங்கிய கட்டடம் அது. காட்சிப் பொருட்களை விட்டுவிட்டு மேல்தளத்தின் உத்தரங்களையும், படிக்கட்டையும், கதவு நிலைகளையும் பாருங்கள். கனத்த மரம் சுவருக்குள் எப்படிப் புகுகிறது என்பதை அங்கு கண்டபின், ஊரில் தீராந்தியின் முனையை எங்கே தேட வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

கூரைக்குக் கீழே

வீட்டைக் குறைந்தது இரண்டு முறை பார்க்க வேண்டும். ஒன்று, வடகீழ்ப் பருவமழை பெய்யும் கார்த்திகை, மார்கழியில்; ஒழுக்கு எங்கே விழுகிறது, எந்தச் சுவர் நீரை உறிஞ்சுகிறது என்பவை அப்போதுதான் தெரியும். மற்றது, மாசி முதல் ஆடி வரையான வறட்சியில். மரத்தைத் தட்டிப் பார்க்கவும் ஏணி வைத்து ஏறவும் அதுவே தகுந்த காலம். நல்ல டோர்ச், அளவு நாடா, தூக்குக்குண்டு, கூரான மெல்லிய திருப்புளி, சுண்ணக்கட்டி, குறிப்புப் புத்தகம் ஆகியவை போதும். அளவுகளை மீற்றரில் மட்டும் எழுதாமல் அடி, அங்குலத்திலும் எழுதுங்கள். பழைய தச்சர் அடியிலும் முழத்திலும் நினைத்தவர். 3.66 மீற்றர் என்று பார்த்தால் ஒன்றும் தோன்றாத நீளம், 12 அடி என்று எழுதியவுடன் அவர் என்ன எண்ணி அறையை வகுத்தார் என்பதைக் காட்டிவிடும்.

முதலில் வீட்டின் மாதிரிப்படம் ஒன்றை, அழகாக இல்லாவிட்டாலும், கையால் கீறிக்கொள்ள வேண்டும். அதில் ஒவ்வொரு அறைக்கும் ஓர் எழுத்து, ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் இலக்கம். தெற்கு விறாந்தையின் கிழக்கு ஓரத்திலிருந்து மூன்றாவது தூண் என்றால் அதற்கென்று ஒரு குறியீடு இருக்க வேண்டும். பின்னர் எடுக்கும் ஒவ்வொரு படமும் அந்தக் குறியீட்டையே தாங்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் குறியீடில்லாத முந்நூறு படங்கள் எவருக்கும் பயன்பட்டதை நான் காணவில்லை; என்னுடைய முதல் முந்நூறு படங்களும் அப்படித்தான் வீணாயின.

இனிப் பனைமரம். வடக்கின் கூரையைப் புரிந்துகொள்ளப் பனையின் உடலைப் புரிந்துகொள்ள வேண்டும். தேக்கு, வேம்பு, முதிரை போன்ற மரங்களின் வைரம் நடுவில் இருக்கும். பனையின் வைரமோ வெளிப்புறத்தில், பட்டையை அடுத்துக் கறுத்த நார்கள் நெருங்கிய வளையமாக இருக்கும். உட்பகுதி மெதுவான சோறு. அது கூரைக்கு உதவாது. ஆகவே விளைந்த பனையை நீளவாக்கில் பிளந்து, உட்சோற்றைச் செதுக்கி எறிந்து, வெளி வைரத்தையே சலாகையாக்கினார்கள். இதிலிருந்து கணிப்பவருக்கு மூன்று செய்திகள் கிடைக்கின்றன. பனையில் ஆண்டு வளையங்கள் இல்லாததால் வளையம் எண்ணி வயது சொல்லலாம் என்று வருபவரை நம்ப வேண்டியதில்லை. சலாகையின் வெளிமுகத்தைச் சீவி அழகுபடுத்துவது, மரத்தின் பலமான பகுதியையே சீவியெறிவதாகும். மூன்றாவதாக, வைரம் தடித்து, நார் கறுத்து நெருங்கிய சலாகைகள் ஒரு கூரை முழுவதும் சீராகக் காணப்பட்டால், அதைக் கட்டியவர் நன்கு விளைந்த மரங்களைத் தெரிந்தெடுக்க வசதியுள்ளவராக இருந்திருக்கிறார் என்று கொள்ளலாம். அதே கூரையில் ஒரு பக்கம் மட்டும் மெலிந்த, வெளிறிய சலாகைகள் வந்தால் அது பிற்காலத் திருத்தம். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டதையும், ஆளில்லா வீடுகளின் கூரைமரங்கள் கழற்றிக்கொண்டு போகப்பட்டதையும் அறிந்தவர்களுக்கு அந்த வேறுபாட்டின் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

மரத்தின் மேலுள்ள வேலைத் தடயங்களை டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். நேரே அடிக்கும் வெளிச்சத்தில் எல்லா மரமும் ஒன்றுபோலவே தெரியும். வாச்சி என்ற செதுக்கு கருவியால் செதுக்கிய மரத்தில் ஆழமற்ற சிறு குழிகள் வரிசையாக இருக்கும். மேலொருவரும் கீழொருவருமாக இழுத்த வாளின் கீறல்கள் நேராகவும் சற்றே ஒழுங்கு தவறியும் ஓடும். வளைந்த வில் போன்ற கீறல்கள் இருந்தால் அது இயந்திர ஆலையின் வட்டவாள் அறுத்த மரம். ஆணிகளையும் அதேபோல் வாசிக்கலாம்: கொல்லன் அடித்த ஆணி சதுர உடலோடு நுனி நோக்கி மெலியும், கம்பியாணி உருண்டையாகச் சீராக இருக்கும். நட்சத்திரத் தலையுள்ள திருகாணி 1930களுக்கு முன் சந்தையில் பரவாதது. ஆகவே அது இறுக்கிய பலகையும், குறைந்தது அந்த இணைப்பும், அதன் பின்னரானவை.

ஓட்டைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பது பலருக்குத் தோன்றாத ஒன்று. நாங்கள் கள்ளிக்கோட்டை ஓடு என்று பொதுவாகச் சொல்லும் தட்டையோட்டை பாசல் மிசன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865 இல் மங்களூரில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. பின்னர் வேறு பல தொழிற்சாலைகளும் பெருகின. ஓட்டில் தொழிற்சாலையின் பெயர் பதிந்திருக்கும். அதற்கு முந்திய கூரை பீலி ஓடாகவோ ஓலையாகவோ இருந்திருக்கும். இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: ஓட்டின் வயது ஓட்டின் வயது மட்டுமே. சலாகையில், ஓடு அமரும் ரீப்பைகளின் இப்போதைய இடைவெளிக்குப் பொருந்தாத பழைய ஆணித்துளைகள் வேறோர் ஒழுங்கில் இருந்தால், கூரை ஒருமுறை மாற்றி வேயப்பட்டிருக்கிறது என்பது உறுதி. அதேபோல ஒரு தீராந்தியில் எதுவும் பொருந்தாத வெறும் துளையோ வெட்டோ காணப்பட்டால், அந்த மரம் அதற்கு முன் வேறோர் இடத்தில் வேலை செய்திருக்கிறது. வீட்டைவிட மூத்த மரம் வீட்டுக்குள் இருப்பது இப்படித்தான். அதைக் கண்டவுடன் வீட்டின் வயதையே கூட்டிவிடும் ஆசை எவருக்கும் வரும், அடக்கிக்கொள்ள வேண்டும்.

உக்கல் தேட வேண்டிய முதல் இடம் தீராந்தி சுவருக்குள் புகும் முனை. திருப்புளியின் நுனி அங்கு எளிதாக இறங்கினால் மரம் உள்ளே இற்றிருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் தன்மையது. அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மரமுனையில் தேங்கும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் இயங்கத் தொடங்கியபின் சீமெந்து எங்கள் ஊர்களில் எளிதாகக் கிடைத்தது. அது எங்களுக்குப் பல நன்மைகள் செய்தது, பழைய சுவர்களுக்கு மட்டும் நன்மை செய்யவில்லை. கறையான் புற்றின் மண்கோடு தரையிலிருந்து தூணிலோ நிலையிலோ ஏறுகிறதா என்று பாருங்கள். சுத்தியலின் பிடியால் தட்டும்போது கணீரென்ற ஒலி வந்தால் நல்லது. பொத்தென்ற ஒலிக்குப் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி இடுங்கள்.

கதவும் நிலையும்

வியாபாரிகள் முதலில் கேட்பது கதவு நிலையைத்தான் என்பதே, அதைக் கடைசி ஆணிவரை பதிவு செய்ய வேண்டியதற்குப் போதிய காரணம். பழைய கதவு பிணைச்சலில் தொங்காது. கதவுப் பலகையோடு சேர்ந்த குடுமி, மேலும் கீழுமுள்ள குழியில் சுழலும். குழியின் தேய்வை அளந்து படமெடுங்கள். மேல்நிலையில் கஜலட்சுமி, தாமரை, பூரணகும்பம், கிளி என்று எது செதுக்கப்பட்டிருந்தாலும் அதைத் தனியாகவும், முழு நிலையோடும், நிலையைச் சுவரோடும் சேர்த்து மூன்று தூரங்களில் படமெடுக்க வேண்டும். மரம் எதுவென்பதை ஊரிலுள்ள வயதான தச்சர் ஒருவரைக் கேட்டே எழுதுங்கள். வன்னிக்காட்டின் முதிரையையும் பாலையையும், கப்பலில் வந்த பர்மாத் தேக்கையும், வளவில் நின்ற வேம்பையும் நிறத்தை மட்டும் வைத்துக் கொழும்பிலிருந்து போன நாம் பிரித்தறிய முடியாது. வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பகுதிகளின் பாய்க்கப்பல்கள் இரங்கூன் வரை வாணிபம் செய்தவை என்பதால், அப்பகுதி வீடுகளில் தேக்கு காணப்படுவது அந்த ஊரின் கடல் வரலாற்றோடு சேர்த்து எழுதப்பட வேண்டிய செய்தி. 1905 இல் ரயில் பாதை காங்கேசன்துறை வரை முழுமைபெற்றபின் தெற்கிலிருந்தும் பொருட்கள் வந்தன.

ஊர்ப் பெரியவர்களிடம் பேசும்போது ஆண்டைக் கேட்க வேண்டாம். ஆண்டு கேட்டால் நம்மைத் திருப்திப்படுத்துவதற்காக ஏதோ ஓர் ஆண்டைச் சொல்வார்கள். "1964 மார்கழிப் புயலுக்கு முன்னமே இந்த விறாந்தை இருந்ததோ, அம்மா?" என்று கேட்டால், புயலன்று எந்த அறையில் ஒதுங்கினார்கள், எந்தப் பக்க ஓடு பறந்தது என்பதெல்லாம் தானாகவே வரும். வீட்டில் எங்கே பிள்ளை பிறந்தது, எங்கே பிரேதம் வைக்கப்பட்டது, முற்றத்தில் எந்த மூலையில் பொங்கினார்கள், திண்ணைக்கு மேல் ஏறாமல் நின்று போனவர்கள் யார் என்பவற்றையும் கேளுங்கள். இறுதிக் கேள்வி சங்கடமானது. ஆனால் நாற்சார் வீட்டின் அமைப்பு யார் எதுவரை வரலாம் என்ற சாதி ஒழுங்கையும் உள்ளடக்கியே கட்டப்பட்டது. அதை மறைத்து எழுதும் பெறுமதிக் கூற்று அரைவாசி உண்மையே.

பெறுமதியை எழுதுதல்

இவ்வளவும் சேர்ந்தபின் ஒரு பக்கத்துக்கு மேற்படாத கூற்றொன்றை எழுத வேண்டும். தென் அவுஸ்திரேலியாவின் சிறு நகரமான பர்ராவில் 1979 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டதால் பர்ரா சாசனம் என்று பெயர்பெற்ற ஆவணம், ஓர் இடத்தின் பண்பாட்டுப் பெறுமதியை அழகியல், வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்று ஐந்தாக நோக்குகிறது. சுரங்கத் தொழிலால் எழுந்த ஒரு நாட்டுப்புற நகரத்தின் பெயரால் வழங்கும் அந்த முறை நமது நாட்டுப்புற நகரங்களுக்கும் நன்றாகவே பொருந்துகிறது. ஐந்து தலைப்பிலும் எழுதியே தீர வேண்டும் என்பதில்லை. எங்கள் அம்மம்மாவின் வீட்டுக்கு அழகியல் என்ற தலைப்பில் எழுத எனக்கு இரண்டு வரிகள்கூட வரவில்லை; கூரையின் தச்சுவேலைக்கு முக்கால் பக்கம் தேவைப்பட்டது.

எழுதும்போது "மிகப் பழமையான, பாரம்பரியமிக்க வீடு" என்பது போன்ற தொடர்களை நீக்கிவிடுங்கள். அவை எந்த வீட்டுக்கும் பொருந்துவதால் எந்த வீட்டையும் குறிப்பதில்லை. மாறாக இப்படி எழுதலாம்: "இவ்வீட்டின் வடக்கு, மேற்குத் தாழ்வாரங்களின் பனஞ்சலாகைகள் அனைத்தும் வாச்சியால் செதுக்கப்பட்டவை, தீராந்திகள் கழுந்தும் துளையுமாக, மரமுளையால் இறுக்கப்பட்டுள்ளன, இப்பகுதிகளில் பிற்கால மாற்றம் காணப்படவில்லை. தெற்கு விறாந்தையின் இரண்டு தூண்கள் அகற்றப்பட்டுச் சீமெந்துத் தூண்கள் இடப்பட்டுள்ளன." இழந்ததையும் எழுத வேண்டும். இழப்பை ஒப்புக்கொள்ளும் கூற்றைத்தான் வாசிப்பவர் நம்புவார்.

அடுத்தது ஒப்பீடு. உங்கள் வீடு அரிதானதா என்பதை உங்கள் வீட்டுக்குள் நின்று சொல்ல முடியாது. அதே வீதியிலும் அயல் வீதிகளிலும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளை ஒரு பொழுது சுற்றிப் பார்த்து, எத்தனையில் பனங்கூரை இன்னும் இருக்கிறது, எத்தனையில் முற்றம் மூடப்படாமல் இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். சங்கடப் படலை, அதாவது வழிப்போக்கர் ஒதுங்குவதற்கு இருபுறமும் திண்ணையும் மேலே கூரையும் உள்ள வாசற்படலை, ஒன்று நின்றால் தவறாமல் பதிவு செய்யுங்கள். வீட்டைக் காப்பாற்ற நினைப்பவர்கள்கூடக் கார் உள்ளே வர வேண்டும் என்பதற்காக முதலில் இடிப்பது அதைத்தான். பொதுக் கட்டடங்களோடும் ஒப்பிடலாம். நல்லூர் மந்திரிமனையின் மரச் செதுக்குவேலையையும், பருத்தித்துறையில் வீதியே ஊடாகச் செல்லும் தெருமூடி மடத்தையும் பார்த்தபின், ஒரு குடும்ப வீட்டின் தச்சுவேலையை அளவறிந்து புகழ்வது எளிதாகும்.

மரம் மாற்றப்பட்டிருந்தால் பெறுமதி போய்விட்டதா என்று பலர் கேட்கிறார்கள். யப்பானின் நாரா நகரில் 1994 இல் உருவான ஆவணம் இதற்கு உதவும். மூலப்பொருளின் பழமை மட்டுமன்றி, வடிவம், பயன், மரபு, தொழில்நுட்பம் ஆகியவையும் உண்மைத்தன்மையின் சான்றுகளே என்பது அதன் நிலைப்பாடு. உக்கிய சலாகையை எடுத்துவிட்டு விளைந்த பனையில் அதே முறையில் இன்னொன்றை இடுவது எங்கள் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடந்த பராமரிப்பு; அதனால் வீடு குறைவுபடாது. கூரை முழுவதையும் இரும்புக் குழாய்க்கு மாற்றியபின் விறாந்தையின் முகப்பில் மட்டும் இரண்டு பழைய தூண்களை அலங்காரமாக விட்டு வைப்பதே குறைவு.

சட்டம் தொடும் இடம்

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், தொல்பொருள் எது என்பதற்கு 1815 மார்ச் 2 ஆந் திகதியை எல்லையாக வைக்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்குப் பிற்பட்ட கட்டடங்களுள்ளும் 100 ஆண்டுகளைக் கடந்தவை வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களாகப் பிரகடனம் செய்யப்படலாம். பிரகடனமானால் வீடு அரசுடைமையாகிவிடும் என்ற அச்சம் ஊரில் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. உரிமை உரிமையாளரிடமே இருக்கும். ஆனால் திருத்துவதற்கும் மாற்றுவதற்கும் இடிப்பதற்கும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பங்காளிகள் பலர் உள்ள வீட்டில் இதை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லி, எழுத்தில் உடன்பாடு பெறாமல் விண்ணப்பிப்பது குடும்பத்தில் தீராத மனத்தாங்கலை உண்டாக்கும். உள்ளூரில் கட்டட அனுமதி நகர சபையிடமோ பிரதேச சபையிடமோ இருப்பதால், உங்கள் கூற்றின் பிரதி ஒன்றை அங்கும் கொடுத்து வைப்பது நல்லது.

செதுக்கிய கதவையோ தூணையோ வெளிநாட்டிலுள்ள சகோதரருக்கு அனுப்ப எண்ணுபவர்கள், பழம்பொருட்களை அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தும் 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டத்தை நினைவில் கொள்ள வேண்டும். உள்நாட்டில் மரத்தை லொறியில் ஏற்றுவதற்கும் அனுமதி தேவைப்படலாம்.

திருத்தும்போது

உக்கிய தீராந்தியை முழுதாக மாற்றலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். அவருக்கு அது எளிது. பெரும்பாலும் உக்கியிருப்பது சுவருக்குள் புகுந்த ஓர் அடி முனை மட்டுமே. அந்த முனையைச் சாய்வாக வெட்டி, அதே இன மரத்தில் புதுத்துண்டை இணைத்து, மரமுளையோ துருப்பிடிக்காத போல்ட்டோ இட்டு இறுக்கலாம். புதுத்துண்டின் மறைவான பக்கத்தில் ஆண்டைச் சூட்டுக்கோலால் பொறித்துவிட்டால் நாளை எவரும் அதைப் பழைய மரமென்று மயங்கமாட்டார்கள். முனை அமரும் குழியில் சீமெந்தைத் தவிர்த்துச் சுண்ணாம்புச் சாந்தை இட்டு, காற்றோட்டத்துக்குச் சிறு இடைவெளி விட வேண்டும். பனஞ்சலாகையில் ஆணி அடிப்பதற்கு முன் துளையிடாவிட்டால் நாரோடு பிளந்துவிடும். இதைச் சொல்லாமலே செய்யும் தச்சரைக் கண்டால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கழிவு எண்ணெய் பூசினால் கறையான் வராது என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும். அது மரத்தின் நிறத்தையும் வேலைத் தடயத்தையும் மூடி, தூசியை ஒட்டவைத்து, பின்னர் எந்தப் பூச்சையும் ஏற்காதபடி செய்துவிடும். ஓட்டைக் கழற்றி அஸ்பெஸ்டஸ் சீற் போடுவதும் தோன்றுவதுபோல் எளிதான மாற்றமன்று. ஓட்டின் பாரமே பழைய கூரையைக் காற்றில் எழும்பாமல் அமர்த்தி வைத்திருக்கிறது. பாரம் போனபின் அதே வளையும் சலாகையும் புயலில் மேலே இழுபடும்.

வீட்டைக் காப்பாற்றவே முடியாத நிலை வந்து, கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், இலக்கமிட்ட மாதிரிப்படம் அப்போதுதான் அதன் முழுப் பயனையும் தரும். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய ஈனா டி சில்வாவின் வீடு 2009 இல் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, பெந்தோட்டைக்கு அண்மையில் பாவாவின் தோட்டமாக இருந்த லுனுகங்கவில் மீண்டும் எழுப்பப்பட்டது. ஒவ்வொரு துண்டின் இடமும் முன்னரே எழுத்தில் இருந்ததால்தான் அது இயன்றது.

உறுதிக் குறிப்புகள், மாதிரிப்படம், படங்கள், கூற்று எல்லாம் சேர்ந்த கோவையை மூன்று பிரதிகளாக்குங்கள்: ஒன்று ஊரில், ஒன்று கொழும்பில், ஒன்று வெளிநாட்டிலுள்ள பங்காளியிடம். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாதியில், மழைக்கு முன் ஓடு பார்ப்பதற்கு ஆள் ஏறும்போது, அதே இடங்களிலிருந்து அதே படங்களை மீண்டும் எடுத்துச் சேர்க்க வேண்டும். வீட்டின் திறப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்பதைக் கோவையின் முதற் பக்கத்திலேயே, திகதியோடு எழுதி வையுங்கள்.